டான் கிஹோத்தே விருந்து வைத்துக் கலைக்கு நிதி திரட்டலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நாடகக் குழுவுக்கோ, பொம்மலாட்டக்காரர்களுக்கோ, குழந்தைகளுக்கான ஓவிய வகுப்புக்கோ பணம் சேர்க்க வேண்டும், அதற்கு டான் கிஹோத்தே நாவல் மாதிரியான ஸ்பெயினின் பழைய இலக்கியத்தையும் அந்நாட்டுச் சாப்பாட்டையும் சேர்த்து ஒரு மாலை நிகழ்ச்சி நடத்தலாம் என்று சொன்னால் போதும், எல்லாரும் ஒரே மாதிரிச் சந்தேகங்களைக் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

இது விருந்தா, நாடகமா, வசூலா? ஒண்ணும் புரியலையே.

மூன்றும்தான். வருகிறவர்கள் டிக்கெட் வாங்கி வந்து மேசையில் உட்காருகிறார்கள். உங்கள் குழு ஸ்பானிய இலக்கியத்திலிருந்து மூன்று குட்டிக் காட்சிகளை நடித்தோ வாசித்தோ காட்டுகிறது. நடுநடுவே சாப்பாடு வருகிறது. செலவு போக மிஞ்சுவது கலைக்கு.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதம் பிடிப்பேன்: மேடையில் பேசப்படுகிற சாப்பாடுதான் தட்டிலும் வர வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் ஹோட்டல், இன்னொரு பக்கம் பள்ளி ஆண்டு விழா என்று ஆகிவிடும். சாப்பிடுகிறவர்கள் நடிப்பைப் பார்க்க மாட்டார்கள், நடிப்பவர்களுக்கு ஸ்பூன் சத்தம் எரிச்சலாக இருக்கும்.

அந்தப் புத்தகத்தை நான் படிச்சதே இல்ல. ஆயிரம் பக்கமாமே?

படித்திருக்க வேண்டியதில்லை. வருகிறவர்களிலும் பெரும்பாலோர் படித்திருக்க மாட்டார்கள். டான் குவிக்ஸாட் என்றும் டான் கிஹோத்தே என்றும் நாம் சொல்கிற இந்த நாவலை மிகேல் தெ செர்வாண்டஸ் இரண்டு பாகமாக எழுதினார். முதல் பாகம் 1605, இரண்டாம் பாகம் 1615. வீரக் கதைகளைப் படித்துப் படித்துப் புத்தி பேதலித்த ஒரு கிராமத்துப் பெரியவர், ஒல்லிக் குதிரையில் ஏறி நியாயத்தை நிலைநாட்டக் கிளம்புகிறார். கூடவே கழுதை மேல் சான்சோ பான்சா என்கிற விவசாயி, எந்நேரமும் சாப்பாட்டு நினைப்போடு. இவ்வளவு தெரிந்தால் போதும், மீதியைக் காட்சியே சொல்லிவிடும்.

நடத்துகிறவர்களில் ஒருவராவது முதல் பாகத்தின் முதல் பத்து அத்தியாயங்களையும், கீழே நான் சொல்லப்போகிற சில அத்தியாயங்களையும் படித்திருந்தால் நல்லது. ஒரு வாரம் போதும். சிரித்துக்கொண்டே படிக்கலாம்.

நிதி திரட்ட எவ்வளவோ வழி இருக்கு. எதுக்கு நானூறு வருஷத்துப் பழைய ஸ்பெயின்?

ஏனென்றால் அந்தக் காலத்து ஸ்பெயினில் நாடகமும் நன்கொடையும் சேர்ந்தேதான் வளர்ந்தன. மாட்ரிடில் ஏழைகளுக்காக மருத்துவமனை நடத்திவந்த சமயச் சகோதர சங்கங்கள், செலவுக்குப் பணம் வேண்டும் என்று வீடுகளுக்கு நடுவே இருந்த முற்றங்களில் நாடகம் போட இடம் கொடுத்தன. அப்படி வந்தவைதான் 1579இல் தொடங்கிய க்ரூஸ் அரங்கமும் 1583இல் தொடங்கிய பிரின்சிபே அரங்கமும். டிக்கெட் காசில் ஒரு பங்கு நோயாளிகளுக்குப் போனது. 1598இல் அரசர் நாடகங்களைத் தடை செய்தபோது, திறக்கச் சொல்லி வாதாடியவர்கள் கையில் இருந்த பெரிய ஆயுதம், மருத்துவமனைகளின் வருமானம் போகிறதே என்பதுதான்.

செர்வாண்டஸின் கதையும் அப்படித்தான். 1575இல் கப்பலில் வரும்போது கடற்கொள்ளையரிடம் பிடிபட்டு வட ஆப்பிரிக்காவின் அல்ஜியர்ஸில் ஐந்து வருடம் கைதியாக இருந்தார். மீட்க 500 தங்க எஸ்கூதோ கேட்டார்கள். அம்மாவும் அக்காவும் புரட்டிய பணம் போதவில்லை. கைதிகளை மீட்பதற்கென்றே நன்கொடை திரட்டிவந்த திரித்துவ சபைத் துறவிகள் தங்கள் நிதியிலிருந்து போட்டு, அங்கிருந்த வியாபாரிகளிடமும் கேட்டு வாங்கி, 1580இல் அவரை விடுவித்தார்கள். அந்த வசூல் நடக்காமல் போயிருந்தால் நாவலே இல்லை. வரவேற்புரையில் இதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுங்கள், வேறு உரை தேவையில்லை.

எந்தக் காட்சியைப் போடுவது? காற்றாலைதானே எல்லாருக்கும் தெரியும்?

காற்றாலையை அரக்கன் என்று நினைத்து டான் கிஹோத்தே மோதுகிற காட்சி பார்க்க அழகு, ஆனால் அந்தச் சண்டை அரைப் பக்கத்தில் முடிந்துவிடும், அதில் சாப்பாடும் கிடையாது. குழந்தைகளை வைத்து அட்டையில் காற்றாலை செய்து வாசலில் நிறுத்துங்கள், அதோடு விடுங்கள். விருந்துக்கு ஏற்ற காட்சிகள் வேறு.

எனக்கு மிகவும் பிடித்தது இரண்டாம் பாகம் 47ஆம் அத்தியாயம். சான்சோவை ஒரு ஊருக்கு ஆளுநராக்கி விடுகிறார்கள். பசியோடு வந்து சாப்பிட உட்காருகிறான். பக்கத்தில் கையில் குச்சியோடு ஒரு மருத்துவர். பழம் வருகிறது, குச்சியால் தொடுகிறார், ஈரத்தன்மை அதிகம் என்று எடுத்துப் போய்விடுகிறார்கள். அடுத்தது மசாலா அதிகம், தாகம் கூடும், போச்சு. கௌதாரி, முயல், ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம். கடைசியில் அவர் அனுமதிப்பது மெல்லிய வேஃபர் சுருள்களும், சீமைமாதுளை அல்வாவில் சில மெல்லிய துண்டுகளும் மட்டும்தான். சான்சோ நாற்காலியில் சாய்ந்து மருத்துவரை ஏற இறங்கப் பார்த்து, பெயர் என்ன, எங்கே படித்தீர் என்று நிதானமாகக் கேட்டுவிட்டு அப்புறம் வெடிக்கிற இடம் நல்ல நடிகர் கையில் கிடைத்தால் அரங்கம் அதிரும். இரண்டு பேர், ஒரு மேசை, ஒரு குச்சி போதும்.

இன்னொன்று முதல் பாகம் 2ஆம் அத்தியாயம். வெள்ளிக்கிழமை என்பதால் சத்திரத்தில் உப்பிட்ட காட் மீன் மட்டும்தான் இருக்கிறது. டான் கிஹோத்தே தலைக்கவசத்தைப் பச்சை ரிப்பனால் கட்டியிருக்கிறார், கழற்ற மாட்டேன் என்கிறார். ஒருவர் ஊட்டிவிட, சத்திரக்காரர் நாணல் குழாயை வாயில் வைத்து ஒயின் ஊற்றுகிறார்.

நாவலுக்கு வெளியே போக வேண்டுமென்றால், 1554இல் வெளிவந்த லாசரில்யோ தெ தோர்மேஸ் இருக்கிறது. ஆசிரியர் பெயர் தெரியாத நூல். குருடரும் சிறுவன் லாசரோவும் ஒரு திராட்சைக் குலையை ஒன்றொன்றாகச் சாப்பிடுவதாகப் பேசிக்கொள்கிறார்கள். குருடர் இரண்டிரண்டாக எடுக்க ஆரம்பிக்கிறார், சிறுவன் மூன்று மூன்றாக. குலை தீர்ந்ததும் குருடர் சொல்கிறார்: நீ மூன்று மூன்றாகத் தின்றாய், ஏனென்றால் நான் இரண்டிரண்டாகத் தின்றபோது நீ வாய் திறக்கவில்லை. ஐந்து நிமிடக் காட்சி, உண்மையான திராட்சையோடு. அதே நேரத்தில் எல்லா மேசைக்கும் ஒரு குலை.

நாங்க நாடகக்காரங்க இல்ல. செட்டு, உடை எதுவுமே கிடையாது.

அப்படியானால் வாசிப்பு வையுங்கள். மாட்ரிடில் சிர்குலோ தெ பெய்யாஸ் ஆர்தேஸ் என்ற கலை மன்றத்தில் 1997 முதல் ஆண்டுதோறும் ஏப்ரல் 23ஐ ஒட்டி டான் கிஹோத்தே முழுவதையும் ஆள் மாற்றி ஆள் இடைவிடாமல் வாசிக்கிறார்கள், கிட்டத்தட்ட இரண்டு நாள் ஓடும். நீங்கள் முழுவதையும் வாசிக்க வேண்டாம், ஒரு சாப்பாட்டு அத்தியாயம் போதும். பக்கத்துக்கு ஒரு வாசகர், அவருக்காகப் பணம் கட்ட ஒரு நண்பர்.

துணிச்சல் இருந்தால் செர்வாண்டஸ் 1615இல் வெளியிட்ட குறுநாடகங்களில் ஒன்றான அதிசயக் காட்சி மேடையைப் போடுங்கள். இரண்டு மோசடிக்காரர்கள் ஊருக்கு வந்து, நல்ல குலத்தில் முறையாகப் பிறந்தவர்கள் கண்ணுக்கு மட்டும்தான் எங்கள் பொம்மைகள் தெரியும் என்று சொல்லி, வெறும் மேடையைக் காட்டுகிறார்கள். ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாரும் எலி வருகிறது, காளை வருகிறது என்று அலறுகிறார்கள். செட்டே இல்லாததுதான் அங்கே செட். அந்த மோசடிக்காரர்கள் பணத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள் என்பதையும் கவனித்து வையுங்கள், டிக்கெட் விஷயத்தில் உதவும்.

ஸ்பெயின்னா பயேயாதானே? பெரிய தட்டுல பண்ணினா முடிஞ்சுது.

இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. பயேயா, அகலத் தட்டில் சமைக்கிற அரிசிச் சாப்பாடு, வலென்சியா பகுதியுடையது. டான் கிஹோத்தே சுற்றும் லா மாஞ்சா வறண்ட மேட்டுநிலம், அங்கே ஆடு, பாலாடைக்கட்டி, பருப்பு, பூண்டு, குங்குமப்பூ. நாவலில் பயேயா கிடையாது. உருளைக்கிழங்கு ஆம்லெட்டும் கிடையாது, ஏனென்றால் உருளைக்கிழங்கும் தக்காளியும் அமெரிக்காவிலிருந்து வந்தவை, அந்தக் காலத்தில் ஸ்பெயின் வீட்டுச் சமையலில் இன்னும் இடம் பிடித்திருக்கவில்லை.

அதற்காகப் போடவே கூடாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் கூட்டத்துக்குச் செய்வது தொல்லை. அரிசி மெல்லிய அடுக்காக விரிந்திருக்க வேண்டும், அதனால் ஆள் கூடக் கூடத் தட்டு அகலமாகிக்கொண்டே போகும், தீ முழுத் தட்டுக்கும் சமமாகப் பரவ வேண்டும், நடுவில் கிளறக் கூடாது, வெந்ததும் சில நிமிடத்தில் பரிமாறிவிட வேண்டும். மேடையில் சான்சோ இன்னும் இரண்டு வசனம் கூடப் பேசிவிட்டால் உங்கள் அரிசி குழைந்துவிடும்.

அப்போ என்னதான் போடுறது?

நாவலின் முதல் பத்தியே மெனு. நாயகர் வாரம் முழுவதும் என்ன சாப்பிட்டார் என்று எழுதித்தான் செர்வாண்டஸ் தொடங்குகிறார்: ஆட்டிறைச்சியைவிட மாட்டிறைச்சி சற்றுக் கூடுதலான குழம்பு, பெரும்பாலான இரவுகளில் கொத்திய கறி, வெள்ளிக்கிழமை மசூர் வகைப் பருப்பு, சனிக்கிழமை துவேலோஸ் இ கெப்ராந்தோஸ் (இது என்ன என்று பின்னால் சொல்கிறேன்), ஞாயிற்றுக்கிழமை கூடுதலாக ஒரு புறாக் குஞ்சு. இதிலிருந்து பருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தோலோடு இருக்கிற பழுப்புப் பருப்பு, ஆளுக்கு உலர்ந்த எடையில் 60 முதல் 80 கிராம், வெங்காயம், பூண்டு, கேரட், பிரிஞ்சி இலை, ஆலிவ் எண்ணெய். புகையூட்டிய ஸ்பானிய மிளகாய்த்தூள் சேர்ப்பதானால் எண்ணெயை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டுப் போடுங்கள், நொடியில் கருகிக் கசந்துவிடும். இறக்கும்போது சில சொட்டு வினிகர். இதை மதியமே செய்து வைக்கலாம், சூடாக வைத்திருந்தால் எவ்வளவு நேரம் போனாலும் கெடுதல் இல்லை, இன்னும் ருசி கூடும்.

இனிப்புக்கு இரண்டாம் பாகம் 20ஆம் அத்தியாயம், கமாச்சோ என்கிற பணக்காரரின் கல்யாண வீடு. ஒரு முழு மாட்டைக் கம்பியில் சுடுகிறார்கள், வயிற்றுக்குள் பன்னிரண்டு பன்றிக்குட்டிகள். பாலாடைக்கட்டிகள் செங்கல் சுவர் மாதிரி அடுக்கியிருக்கின்றன. இரண்டு கொப்பரை எண்ணெயில் மாவைப் பொரித்துப் பக்கத்தில் இருக்கும் தேன் கொப்பரையில் முக்குகிறார்கள். மாட்டை விடுங்கள், தேனில் முக்கிய பொரித்த மாவுருண்டையையும் மாஞ்சேகோ பாலாடைக்கட்டியையும் எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையான மாஞ்சேகோ செம்மறிப் பாலில் செய்வது, விலை கூடுதல், மெல்லிசாக நறுக்கினால் கட்டுப்படியாகும்.

சைவம் சாப்பிடுறவங்க, பன்றி சாப்பிடாதவங்க எல்லாம் வருவாங்களே?

மேலே சொன்ன பருப்பு சைவம்தான், அதில் சொரிசோ என்கிற பன்றி இறைச்சி சாசேஜ் போடாமல் இருந்தால். முட்டை, பால்கூட வேண்டாம் என்பவர்களுக்குப் பாதாமும் பூண்டும் ரொட்டியும் அரைத்த குளிர்ச்சியான வெள்ளை சூப் இருக்கிறது, ஆனால் அது கொட்டைப் பருப்பு ஒவ்வாதவர்களுக்கு ஆகாது. ஒவ்வொரு பண்டத்தின் முன்னாலும் பால், முட்டை, கோதுமை, கொட்டை, மீன் எது இருக்கிறது என்று ஒரு அட்டை எழுதி வைத்துவிடுங்கள். டிக்கெட் விற்கும்போதே கேட்டுவிடுவது இன்னும் நல்லது.

பன்றி விஷயம் கொஞ்சம் கனமானது. சனிக்கிழமைச் சாப்பாடான துவேலோஸ் இ கெப்ராந்தோஸ் என்ன என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே தகராறு. இன்று லா மாஞ்சாவில் அந்தப் பெயரில் கிடைப்பது முட்டையோடு பன்றிக் கொழுப்பும் சொரிசோவும். அந்தக் காலத்தில் பன்றி தின்னாதவர் ரகசியமாக யூதரோ முஸ்லிமோ என்ற சந்தேகத்துக்கு ஆளானார், விவகாரம் இன்குவிசிஷன் என்கிற கத்தோலிக்க சமய விசாரணை மன்றம் வரை போனது. அதனால் பன்றி இல்லாமலே மெனு போடுங்கள். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஃபிளமெங்கோ ஆட்டம், காளைச் சண்டை போஸ்டர் எல்லாம் வச்சா களை கட்டுமே?

ஃபிளமெங்கோ 18, 19ஆம் நூற்றாண்டுகளில் தென் ஸ்பெயினின் அந்தலூசியாவில் உருவானது, செர்வாண்டஸ் அதைக் கேட்டதில்லை. உங்கள் குழுவில் நல்ல ஆட்டக்காரர் இருந்தால் ஆடட்டும், கடைசியில் ஆடட்டும். வாடகைக்குப் பாவாடை எடுத்து யாரோ ஒருவரை ஆட விடுவதைவிட ஒற்றை கிதார் போதும். காளைப் போஸ்டர் வேண்டாம், ஸ்பெயினிலேயே அதற்குக் கடும் எதிர்ப்பு இருக்கிறது.

டிக்கெட் விலை எப்படி வைக்கிறது?

நாவலின் முதல் பத்தியைச் சொன்னேன் அல்லவா, அதில் அந்தச் சாப்பாட்டுப் பட்டியல் எப்படி முடிகிறது தெரியுமா? அந்தச் சாப்பாட்டுக்கே அவர் வருமானத்தில் நாலில் மூன்று பங்கு போய்விட்டது என்று. நிதி திரட்டும் விருந்துகள் பலவும் இதே கதிதான். சமையல், மண்டபம், தட்டு, பூ என்று செலவு செய்து, கைக்கு வருவது சொற்பம், எல்லாருக்கும் களைப்பு மட்டும் மிச்சம்.

என் கணக்கு இது. சாப்பாட்டுச் செலவு டிக்கெட் விலையில் மூன்றில் ஒன்றைத் தாண்டக் கூடாது. தாண்டினால் விலையை ஏற்றாமல் மெனுவைக் குறையுங்கள், ஒரு பருப்பு, ரொட்டி, பாலாடைக்கட்டி, ஒரு இனிப்பு போதும். மண்டப வாடகை மாதிரி ஆள் எண்ணிக்கையால் மாறாத செலவுகளை ஒரு கடைக்காரரிடமோ நிறுவனத்திடமோ கேட்டு ஏற்றுக்கொள்ள வைத்துவிட்டால், முதல் டிக்கெட்டிலிருந்தே மிச்சம்தான். பணம் முன்கூட்டியே, அதிசய மேடைக்காரர்கள் மாதிரி. வருகிறேன் என்று வாயால் சொன்னவர்களை நம்பிப் பருப்பை ஊற வைக்காதீர்கள், இந்தப் பருப்புக்கு ஊறவும் வேண்டாம் என்பது வேறு விஷயம்.

டிக்கெட் காசு மட்டும் போதாதே. ஏலம், குலுக்கல் விடலாமா?

குலுக்கலுக்குப் பல இடங்களில் அனுமதி வாங்க வேண்டும், முதலில் அதை விசாரியுங்கள். அதைவிட நல்ல வழி நாவலுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டாம் பாகம் 26ஆம் அத்தியாயத்தில் பெத்ரோ என்கிற பொம்மலாட்டக்காரர், தப்பியோடும் ஒரு ஜோடியை முஸ்லிம் வீரர்கள் துரத்துகிற ஆட்டம் காட்டுகிறார். டான் கிஹோத்தே அதை நிஜம் என்று நம்பி வாளை உருவிக்கொண்டு பாய்ந்து பொம்மைகளை எல்லாம் வெட்டிவிடுகிறார். தெளிந்ததும் நஷ்ட ஈடு தர ஒப்புக்கொள்கிறார். பெத்ரோ ஒவ்வொரு பொம்மையாக எடுத்துக் காட்டி விலை சொல்கிறார்: தலை போன மன்னர் மார்சீலியோவுக்கு நாலரை ரியால் (அந்தக் கால ஸ்பானிய வெள்ளிக் காசு), மேலிருந்து கீழ்வரை பிளந்த பேரரசர் சார்லமேனுக்கு ஐந்தேகால். சத்திரக்காரரும் சான்சோவும் நடுவராக உட்கார்ந்து பேரம் பேசுகிறார்கள். கடைசியில் நாற்பதே முக்கால் ரியால்.

இதை அப்படியே நடத்துங்கள். குழுவுக்குத் தேவையான பொருள்களை, ஒரு விளக்கு, ஒரு திரை, பத்துப் பெட்டி வண்ணம், மேடையில் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, பெத்ரோ புலம்பிக்கொண்டே விலை சொல்ல வேண்டும், சான்சோ பேரம் பேச வேண்டும், பார்வையாளர்களில் யாராவது அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். எதற்குக் கொடுக்கிறோம் என்று கொடுக்கிறவருக்குத் தெரிகிறது. மருத்துவர் காட்சி முடிந்ததும் அதே நடிகர் குச்சியோடு மேசை மேசையாக வந்து ரொட்டிக் கூடையை எடுத்துப் போவார், உண்டியலில் போட்டால்தான் திரும்ப வரும். இரண்டு மேசைக்கு மேல் செய்ய வேண்டாம், பசியில் இருப்பவர்களிடம் விளையாட்டுக்கு ஓர் அளவு உண்டு.

ஒயின் இல்லாம ஸ்பானிய விருந்தா?

தாராளமாக. மது பரிமாற அனுமதி, வயது சோதனை என்று பல வேலை, குழந்தைகள் நடிக்கிற நிகழ்ச்சி என்றால் இன்னும் சங்கடம். அந்தக் காலத்து மாட்ரிட் நாடக முற்றங்களில் அலோஹா என்ற பானம் விற்றார்கள், தண்ணீரில் தேனும் வாசனைப் பொருள்களும் கலந்தது. பட்டை, கிராம்பு போட்டுக் கொதிக்க வைத்து, தேன் கலந்து ஆற வைத்து, குளிர்ச்சியாகக் கொடுங்கள். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு மட்டும் தேன் ஆகாது.

நடிப்பு முடியறதுக்குள்ள சாப்பாடு ஆறிடாதா?

நடிக்கும்போது பரிமாறாதீர்கள், பரிமாறும்போது நடிக்காதீர்கள். பழைய ஸ்பானிய நாடகங்களில் மூன்று அங்கங்களுக்கு நடுவே குறுநாடகமும் ஆட்டமும் வைத்ததைத் தலைகீழாக்கி, காட்சிகளுக்கு நடுவே சாப்பாட்டை வையுங்கள். காட்சி பத்துப் பன்னிரண்டு நிமிடம், பரிமாற இருபது நிமிடம். சூடானது 60 டிகிரிக்கு மேல், குளிர்ந்தது 5 டிகிரிக்குள், வெளியே எடுத்து வைத்தது இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

காப்புரிமைப் பிரச்சினை வருமா?

செர்வாண்டஸுக்கு வராது. மொழிபெயர்ப்பாளருக்கு வரும். இன்று கடையில் விற்கிற மொழிபெயர்ப்பிலிருந்து மேடையில் வாசிப்பதானால் பதிப்பகத்திடம் எழுதிக் கேளுங்கள். 1885இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று, ஜான் ஆர்ம்ஸ்பி செய்தது, காப்புரிமைக் காலம் முடிந்து யாரும் பயன்படுத்தலாம் என்று இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு உங்கள் ஆட்கள் பேசுகிற மொழியில் காட்சியை நீங்களே எழுதிக்கொள்வதுதான் சிறந்தது. இந்தக் கதையை வைத்து 1960களில் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் வந்த இசை நாடகத்தின் பாடல்களைப் பாட வேண்டுமென்றால் தனி அனுமதி.

மனநிலை சரியில்லாத ஒருத்தரை வச்சு எல்லாரும் சிரிக்கிறது தப்பில்லையா? அந்தப் பொம்மலாட்டத்துல முஸ்லிம்களை வேற வெட்டுறாரு.

நியாயமான கேள்வி. நாவலே இதைக் கேட்கிறது. இரண்டாம் பாகத்தில் ஒரு கோமகனும் கோமகளும் வேலையற்று, பணத்தைக் கொட்டி, டான் கிஹோத்தேயையும் சான்சோவையும் கேலி செய்கிறார்கள். மேலே சொன்ன மருத்துவர்கூட அவர்கள் ஏற்பாடுதான். பிறகு 70ஆம் அத்தியாயத்தில், கேலி செய்தவர்களும் கேலிக்கு ஆளானவர்கள் அளவுக்குப் பைத்தியங்களே என்று கதைசொல்லி சொல்லிவிடுகிறார். அந்தக் கதைசொல்லி யார்? சீதே ஹமேதே பெனெங்ஹேலி என்கிற அரபு வரலாற்றாசிரியர் என்று செர்வாண்டஸ் கற்பனை செய்கிறார். ஆகவே டான் கிஹோத்தேயைக் கோமாளியாக நடிக்க விடாதீர்கள், அவர் தன்னளவில் முழு மரியாதையோடு பேச வேண்டும், சிரிப்பு சுற்றியிருப்பவர்கள் மேல் விழட்டும். பொம்மைகளுக்குத் தாடி, தலைப்பாகை ஒட்டி வேடிக்கை காட்ட வேண்டாம். விலைப்பட்டியல் பகுதியை மட்டும் எடுத்தாலே போதும்.

நடிக்கிறவங்க, சமைக்கிறவங்களுக்குக் காசு கொடுக்கணுமா? நல்ல காரியம்தானே, சும்மா பண்ண மாட்டாங்களா?

பண்ணுவார்கள். ஒரு தடவை. கலைக்காகப் பணம் திரட்டுகிற நிகழ்ச்சியில் கலைஞரை ஓசியில் வேலை வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. குழு உறுப்பினர்கள் தாங்களாகச் செய்வது வேறு, வெளியிலிருந்து கூப்பிட்ட கிதார்காரர், சமையல்காரர் வேறு. அவர்களுக்கான தொகையை முதலிலேயே செலவுக் கணக்கில் எழுதிவிடுங்கள். வேண்டாம் என்று அவர்களாகத் திருப்பித் தந்தால் நன்கொடை என்று பெயரோடு ரசீது போட்டுக் கொடுங்கள்.

கணக்கு ஒரு வாரத்துக்குள் வர வேண்டும்: வந்தது, செலவு, மிச்சம், மிச்சத்தில் என்ன வாங்கினோம். டிக்கெட் வாங்கிய எல்லாருக்கும் அனுப்புங்கள், தொகை சிறியது என்று கூச்சப்பட வேண்டாம். மிஞ்சின பருப்பை அன்றிரவே மேலோட்டமான பாத்திரங்களில் பிரித்து ஆற வைத்து, பாத்திரம் கழுவ நின்றவர்களிடம் கொடுத்தனுப்பிவிடுங்கள்.